மேசையிலிருந்து இறக்கும் முன்

எலும்பு முறிவுப் பிரிவில் பட்டமேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களில் பலர் தனியாகச் செய்யப்போகும் முதல் பெரிய அறுவை, வழுக்கி விழுந்து இடுப்பொடிந்த ஒரு வயதானவருடையதாகத்தான் இருக்கும். பயிற்சியில் இருப்பவர்களிடம் நம்பி ஒப்படைக்கக்கூடிய கேஸ் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. 1935இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கெல்லாக் ஸ்பீட், தொடையெலும்புக் கழுத்து முறிவைத் தீர்வு காணாத முறிவு என்று எழுதினார். அதற்குப் பிறகு பிளேட், நெய்ல், செயற்கை மூட்டு எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் தொடையெலும்பின் தலையைக் கிழித்துக்கொண்டு ஸ்க்ரூ வெளியே வந்த எக்ஸ்ரேக்கள் ஓ.பி.க்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அப்படி ஒன்று உங்கள் கையில் வந்தால், அறுவை முடிந்த அன்று எடுத்த படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் அன்றே தெரிந்திருக்கும். இந்த முறிவில் பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி, நோயாளியை மேசையிலிருந்து இறக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. மீதி, வார்டில் போர்வையை விலக்கிப் பார்த்தால் தெரிகிறது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

1. விழுந்த முதியவர் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் இடுப்பைப் பாருங்கள். இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவதுண்டு. முழங்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்ட பாட்டி, பத்து நாள் கழித்துக் கழுத்து முறிவு முழுக்க விலகிய நிலையில் திரும்பி வருவார். ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட முறிவில் சிலர் நடந்தேகூட வருவார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், ஆனால் கால் ஊன்ற முடியாமல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். விலகாத முறிவை ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிடலாம். விலகிவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு சில வாரம் கழித்து வருபவர்களும் உண்டு. அவர்களைத் திட்டாதீர்கள். திட்டினால் அந்தத் தெருவிலிருந்து அடுத்த ஆள் வரமாட்டார். கட்டைப் பொறுமையாகப் பிரித்துத் தோலைப் பாருங்கள். கொப்புளமோ புண்ணோ இருந்தால், நீங்கள் கத்தி வைக்கப்போகும் இடத்துக்குக் கிருமி ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள்.

2. காத்திருப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சர்க்கரை கொஞ்சம் கூட இருக்கிறது, எக்கோ எடுக்க நாளைதான் தேதி, இதய மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார் என்று நாள் நகரும். அந்த ஒவ்வொரு நாளும் நுரையீரலில் சளி சேர்கிறது, முதுகில் தோல் சிவக்கிறது, தசை கரைகிறது. 17 நாடுகளில் 2970 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான ஹிப் அட்டாக் ஆய்வில் இந்தியாவும் இருந்தது. ஒரு பிரிவினருக்கு முறிவைக் கண்டுபிடித்த சுமார் 6 மணி நேரத்தில் அறுவை, இன்னொரு பிரிவினருக்குச் சுமார் 24 மணி நேரத்தில். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, 9 சதவீதமும் 10 சதவீதமும். ஆனால் சீக்கிரம் செய்யப்பட்டவர்களுக்குப் புத்தி தடுமாற்றமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, முன்னதாகவே எழுந்து நடந்தார்கள். அந்த ஆய்வில் தாமதப்பட்டவர்களே ஒரே நாளில் மேசைக்கு வந்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் வார்டுகளில் நாலு நாள், ஐந்து நாள் கிடப்பவர்களைப் பற்றி அந்த ஆய்வு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள்: ரத்தசோகை, குறைந்த சோடியம், கட்டுக்கடங்காத இதயத்துடிப்பு, நெஞ்சுச் சளி, நீர்வற்றல். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு வைட்டமின் கே கொடுத்தால் மறுநாளே தயாராகிவிடுவார். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்பதற்காக ஐந்து நாள் படுக்க வைக்காதீர்கள். எந்த மயக்கம் என்று மயக்க மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். திருத்த முடியாத குறைகளுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. நாற்பது வருடம் பீடி பிடித்த நுரையீரல் வியாழக்கிழமைக்குள் மாறிவிடாது.

3. கழுத்து முறிவா, ட்ரோகான்டர் முறிவா என்று பார்த்த பிறகுதான் உலோகத்தைப் பற்றிப் பேச வேண்டும். தலைக்குப் போகும் ரத்தத்தின் பெரும்பகுதி, மீடியல் சர்கம்ஃப்ளெக்ஸ் தமனியிலிருந்து கிளம்பிக் கழுத்தின் பின்-மேல் பக்கத்தை ஒட்டி ஏறுகிறது. கழுத்து உடைந்து விலகினால் அந்தக் குழாய்கள் கிழிகின்றன. மூட்டுறைக்குள் இருப்பதால், தோள்பட்டையிலோ கையிலோ பார்ப்பதுபோல் வெளிப்புறம் புது எலும்பு திரண்டு பாலம் போடுவதும் இல்லை. அதனால்தான் இங்கே இரண்டு பழைய எதிரிகள்: சேராமை, தலை செத்துப்போதல். விலகிய கழுத்து முறிவுகளைப் பற்றிய 106 ஆய்வறிக்கைகளை ஒன்றாகத் திரட்டி 1994இல் ஒரு கணக்கு வெளியானது. உள்ளே ஸ்க்ரூ போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு முறிவு சேரவில்லை. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்குத் தலை செத்தது. எழுபத்தைந்து வயதில் விலகிய கழுத்து முறிவோடு வருபவருக்கு எலும்பின் தலையைக் காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்று ஸ்க்ரூ போடுவது, இரண்டாவது அறுவைக்கு நாள் குறித்துக் கொடுப்பது. அவருக்குச் செயற்கை மூட்டுதான்.

விலகாத முறிவுக்கு ஸ்க்ரூ போடலாம், போடுங்கள். ஆனால் உறவினரிடம் அதைச் சின்ன ஆபரேஷன் என்று சொல்லாதீர்கள். 50 வயதுக்கு மேற்பட்ட 1108 பேரை வைத்து, விலகிய முறிவுகள் சிலவற்றையும் சேர்த்து நடந்து 2017இல் வெளியான ஃபெயித் ஆய்வில், தனித்தனி ஸ்க்ரூ போட்டாலும் பிளேட்டோடு வரும் டி.எச்.எஸ். போட்டாலும் இரண்டு ஆண்டுக்குள் ஐந்தில் ஒருவர் மறுபடி மேசைக்கு வந்தார். லேட்டரல் படம் இல்லாமல் விலகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தலை பின்பக்கம் சாய்ந்திருப்பது ஏபி படத்தில் தெரியாது.

4. கழுத்துக்கு ஸ்க்ரூ போடும்போது தலைகீழ் முக்கோணம். கீழ் ஸ்க்ரூ வெளிப்புற எலும்பில் நுழையும் இடம் லெஸ்ஸர் ட்ரோகான்டருக்குக் கீழே போகவே கூடாது. அங்கே துளை விழுந்தால் கொஞ்ச நாளில் அந்தத் துளை வழியாகவே தொடையெலும்பு உடையும். கைடு வயரை அங்கே குத்திக் குத்தி எடுத்தாலும் அதேதான்.

5. ட்ரோகான்டர் முறிவில் முதலில் எலும்பை நேராக்குங்கள், அப்புறம் கத்தி எடுங்கள். நெய்ல் உள்ளே போனால் முறிவு தானாக நேராகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆகாது. கோணலாக இருந்தால் அந்தக் கோணலை நெய்ல் அப்படியே பூட்டிவைக்கும்.

ட்ராக்‌ஷன் டேபிளில் படுக்க வைத்ததும் நடுக் கம்பத்துக்குத் தடிமனாகப் பஞ்சு சுற்றியிருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். இழுவை நீண்ட நேரம் இருந்தால் பியூடெண்டல் நரம்பு அழுந்தி மரத்துப்போகும், அங்கே தோல் கிழிவதும் உண்டு. காலை இழுத்து, கொஞ்சம் அகட்டி, உட்பக்கம் திருப்புங்கள். முழங்கால் சில்லு கூரையைப் பார்க்கட்டும், அல்லது அதைவிடச் சற்றே உள்ளே திரும்பியிருக்கட்டும். பிறகு சி-ஆர்ம். ஏபி படத்தில் உட்புற எலும்பு விளிம்பு ஒரே கோடாக ஓட வேண்டும். கழுத்துக் கோணம் மறு காலைவிடக் குறைந்திருக்கக் கூடாது, ஓரிரு டிகிரி கூடினால் பரவாயில்லை. இனி லேட்டரல். இங்கேதான் அவசரம் ஆளைக் கவிழ்க்கும். கீழ்த்துண்டு பின்னால் தொய்ந்து கிடக்கும். முன்பக்க எலும்பில் ஒரு படி தெரியும். இழுத்தால் இந்தத் தொய்வு சரியாகாது. தொடைக்கடியில் ஊன்றுகோல் கொடுத்துத் தூக்குங்கள், அல்லது சிறு வெட்டு வழியாக எலும்பு நெம்புகோலை விட்டு மேல்துண்டை அழுத்துங்கள். முன்பக்கப் படி மறையும் வரை விடாதீர்கள். இதற்கு இருபது நிமிடம் ஆனால் ஆகட்டும். பின்னால் நிற்கும் நர்ஸ் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும்.

லேக் ஸ்க்ரூவை முறுக்கும்போது தலையும் சேர்ந்து திரும்பக்கூடும். தனியாக ஒரு கம்பியைத் தலைக்குள் செலுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வலஞ்சுழியாக முறுக்குகிறோம் என்பதால் இடது இடுப்பில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

6. 25 மில்லிமீட்டர் என்பதை மறக்காதீர்கள். 1995இல் பாம்கார்ட்னரும் அவர் குழுவும் 198 ட்ரோகான்டர் முறிவுகளை ஆராய்ந்தார்கள். ஸ்க்ரூ நுனியிலிருந்து தலையின் உச்சிக்கு உள்ள தூரத்தை ஏபி படத்தில் ஒரு முறையும் லேட்டரலில் ஒரு முறையும் அளந்து, படம் பெரிதாகியிருப்பதற்கு ஏற்பத் திருத்தி, இரண்டையும் கூட்டினார்கள். டிப்-அபெக்ஸ் தூரம் என்று நாம் சொல்வது இதுதான். கூட்டுத்தொகை 25 மி.மீ. அல்லது அதற்குள் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட ஸ்க்ரூ தலையைக் கிழித்து வெளியே வரவில்லை. வெளியே வந்தவர்களின் சராசரி 38. எலும்பியலில் இவ்வளவு தெளிவாகக் கிடைத்த எண் குறைவு. அதைக் கணக்கிடக் கையில் அளவுகோல் இருந்தால் போதும். ஸ்க்ரூவின் உண்மையான விட்டம் உங்களுக்குத் தெரியும். படத்தில் அது எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தால் பெரிதாக்கம் எத்தனை மடங்கு என்று வந்துவிடும்.

எண்ணோடு இடமும் முக்கியம். இரண்டு படத்திலும் நடு, அல்லது ஏபியில் சற்றுக் கீழும் லேட்டரலில் நடுவும். மேல்-முன் மூலையில் போட்ட ஸ்க்ரூ, ஈரமண்ணில் நட்ட குச்சி போலத்தான் நிற்கும். முதியவர்களின் தலையில் நல்ல எலும்பு நடுவில்தான் இருக்கிறது. எலும்பின் உறுதியை மதிப்பிட, மன்மோகன் சிங், நாக்ராத், மைனி என்ற இந்திய மருத்துவர்கள் 1970இல் வெளியிட்ட சிங் இண்டெக்ஸ் இருக்கிறது. தொடையெலும்பின் மேற்பகுதியில் எந்தெந்த எலும்பிழைகள் மங்கியிருக்கின்றன என்பதை வைத்து ஆறு படிகளாகப் பிரித்தார்கள். இன்று டெக்ஸா வந்துவிட்டதால் யாரும் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை. டெக்ஸா இல்லாத ஊரில் இரவு பத்து மணிக்கு உடையாத பக்கத்து இடுப்பின் எக்ஸ்ரே கையில் இருக்கும்போது அது பயன்படும், கற்றுக்கொள்ளுங்கள்.

7. டி.எச்.எஸ். பழசு, நெய்ல்தான் புதுசு என்று பேசாதீர்கள். நிலையான முறிவுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரிட்டனின் வழிகாட்டுதல் 2011 முதல் அத்தகைய முறிவுக்குப் பிளேட்டையே சொல்கிறது. விலையிலும் வித்தியாசம் உண்டு, அது நோயாளியின் மகன் கடன் வாங்கும் பணம். ஆனால் வெளிச்சுவர் மெலிந்திருந்தால் பிளேட் வேண்டாம். டென்மார்க்கில் பாம் என்பவரின் குழு டி.எச்.எஸ். போட்ட 214 பேரைப் பார்த்து 2007இல் எழுதியது: வெளிச்சுவர் உடைந்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு மறு அறுவை, உடையாதவர்களில் 3 சதவீதம். அந்தச் சுவர் பெரும்பாலும் விழுந்தபோது உடைவதில்லை. அறுவையின்போதே, ஸ்க்ரூவுக்குத் துளை போடும்போது உடைகிறது. முறிவுக்கோடு தலைகீழாக, உள்மேலிருந்து வெளிக்கீழாக ஓடினால் டி.எச்.எஸ். பெட்டியையே திறக்காதீர்கள். மேயோ கிளினிக்கின் தொகுப்பில் அப்படிப் போட்ட 16இல் 9 தோற்றன.

8. நெய்லின் வெற்றி நுழைவாயிலில்தான். ட்ரோகான்டரின் உச்சியில், அல்லது ஒரு நூல் உள்ளே. வெளியே விலகினால் மேல்துண்டு உள்நோக்கிச் சரிந்து கோணம் குறையும். ரீமர் நுழையும்போது முறிவுத் துண்டுகள் இரண்டையும் விலக்கிப் பிளக்கவும் பார்க்கும்; கையால் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நெய்லைச் சுத்தியால் அடித்து இறக்காதீர்கள். இறங்கவில்லை என்றால் காரணம் இருக்கிறது: கால்வாய் குறுகல், அல்லது எலும்பின் முன்வளைவோடு நெய்ல் ஒத்துப்போகவில்லை. நீள நெய்லின் நுனி முழங்காலுக்கு மேல் முன்பக்க எலும்பைக் குடைந்து வெளியே வரலாம். லேட்டரல் படத்தில் நுனி வரை பாருங்கள். 1980களின் இறுதியில் வந்த முதல் காமா நெய்ல்களில் நுனியருகே தொடையெலும்பு உடைவது பெரிய தலைவலியாக இருந்தது. வடிவம் மாறிய பிறகு குறைந்ததே தவிர ஒழியவில்லை.

இரண்டு ஸ்க்ரூ கொண்ட பி.எஃப்.என். நம் ஊரில் அதிகம். அதில் மேல் ஸ்க்ரூ உள்ளே ஏறி மூட்டுக்குள் குத்த, கீழ் ஸ்க்ரூ வெளியே வருவதை இசட் எஃபெக்ட் என்பார்கள். மேல் ஸ்க்ரூ கீழ் ஸ்க்ரூவைவிட நீளம் குறைவாக இருக்கட்டும், கோணம் குறைந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

ரீமர் ஓடும்போது கைடு வயர் அதோடு சேர்ந்து முன்னேறலாம். மூட்டைத் தாண்டி இடுப்புக்கூட்டுக்குள் போனால் அங்கே பெரிய ரத்தக்குழாய்களும் சிறுநீர்ப்பையும் இருக்கின்றன. பாதியில் ஒரு படம், முடிவில் ஒரு படம். கதிர்வீச்சை மிச்சப்படுத்த வேறு இடம் தேடுங்கள்.

9. ட்ரோகான்டருக்குக் கீழே உடைந்தால் மேல்துண்டை இலியோசோவாஸ் மடக்கும், குளூட்டியஸ் தசைகள் அகட்டும், சிறு தசைகள் வெளியே திருப்பும். மேசையின் இழுவைக்கு அது கட்டுப்படாது. திறந்து, கிளாம்ப் போட்டுப் பிடித்து, தேவையானால் ஒரு கம்பி சுற்றி, அப்புறம் நெய்ல். திறந்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். மூடியே செய்து கோணலாக விட்ட முறிவுதான் சேராமல் நின்று, மாதங்கள் கழித்து, லேக் ஸ்க்ரூ போகும் துளையில் நெய்லை உடைக்கிறது. பல வருடம் அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிட்டவருக்கு இந்த இடத்தில் குறுக்குக் கோடாக முறிவு வந்திருந்தால், மறு தொடையையும் எக்ஸ்ரே எடுங்கள். அங்கேயும் தொடங்கியிருக்கலாம்.

10. செயற்கை மூட்டுக்குச் சிமென்ட் வைக்கும் முன் மயக்க மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுத்தும் அந்தச் சில நிமிடங்களில் ரத்த அழுத்தமும் ஆக்ஸிஜனும் சட்டென்று விழலாம், இதயம் நின்றுவிடவும் கூடும். கால்வாயை நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். அந்தப் பயத்தில் சிமென்ட்டே வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது: 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் மூட்டைச் சுற்றி எலும்பு உடைவது சிமென்ட் வைத்தவர்களுக்கு 0.5 சதவீதம், வைக்காதவர்களுக்கு 2.1.

11. தையல் போட்டு முடித்த கையோடு, கையுறையைக் கழற்றும் முன், கடைசி ஏபி, கடைசி லேட்டரல் இரண்டையும் திரையில் நிறுத்துங்கள். இந்தப் படம் என் ஆசிரியருடைய நோயாளியுடையது என்றால் என்ன சொல்வேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் திறந்து மாற்றுங்கள். மேசையில் மாற்ற அரை மணி நேரம். ஆறு வாரம் கழித்து என்றால் அது வேறு அறுவை, வேறு மூட்டு, பலவீனமான வேறு உடம்பு.

12. அறுவைக்குப் பின் வரும் இரவுகள். அறுவை நன்றாக முடிந்த ஒரு பாட்டியை இரண்டாம் நாள் இரவு வார்டில் பார்த்தேன். ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாட்டைக் கட்டியாச்சா என்று மருமகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் அழுதுகொண்டிருந்தார். வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சிடுச்சு என்று பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டார்கள். பணியில் இருந்த பையன் ஃபெனர்கான் ஊசி எழுதப்போனான். நான் போர்வையை விலக்கி அடிவயிற்றில் கைவைத்தேன். சிறுநீர்ப்பை தொப்புள் வரை நிறைந்து நின்றது. மாலையில் ட்யூபை எடுத்தவர்கள் பிறகு சிறுநீர் போனாரா என்று பார்க்கவில்லை. வடித்துவிட்டதும், மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு விளக்கைப் போட்டதும், விடிவதற்குள் மருமகளைப் பெயர் சொல்லி அழைத்தார்.

டெலிரியத்துக்கு ஊசி எழுதும் முன் காரணம் தேடுங்கள்: வலி, சிறுநீர்த் தேக்கம், மலச்சிக்கல், ஆக்ஸிஜன் குறைவு, சோடியம் குறைவு, தொற்று, நாம் கொடுத்த மருந்து. ஃபெனர்கான், டயஸிபாம் போன்றவை இந்த வயதில் நிலையை மோசமாக்கும்; ட்ரமடாலும் சிலருக்கு அப்படித்தான். வந்த உடனேயே கவட்டையில் ஃபேஷியா இலியாக்கா பிளாக் கொடுத்தால் வலிமருந்தின் தேவையே குறையும். டைக்ளோஃபெனாக் ஊசியை வார்டில் தண்ணீர் போல ஏற்றுகிறோம். நீர்வற்றிய முதியவரின் சிறுநீரகம் அதைத் தாங்காது. கைகளைக் கட்டிப்போடாதீர்கள். காது மெஷின், கண்ணாடி, பல்செட் மூன்றும் பையில் பூட்டியிருக்காமல் அவரிடம் இருக்கட்டும். வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார அனுமதியுங்கள்.

13. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் காயத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். குதிகாலைத் தூக்கிப் பாருங்கள், அடிமுதுகைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு அழுத்தியும் மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. ஹீமோகுளோபினை மறுநாளும் அதற்கு மறுநாளும் பாருங்கள். தியேட்டரில் கண்ணில் பட்டது கொஞ்ச ரத்தம்தான் என்பது ஏமாற்றும். நெய்ல் போட்ட தொடைக்குள் ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தேங்கும். 2011இல் வெளியான ஃபோகஸ் ஆய்வு, அறிகுறி இல்லாதவருக்கு 8 கிராமுக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றினால் போதும் என்று காட்டியது. மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தால் எண்ணைப் பார்க்க வேண்டாம். அளவு விழுந்துகொண்டே இருந்து தொடையும் வீங்கிக்கொண்டே போனால், துளைக்கருவியோ லெஸ்ஸர் ட்ரோகான்டர் துண்டோ ஆழத்தில் ஒரு தமனியைக் கீறியிருக்கலாம், ஆஞ்சியோ கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி சுமார் ஒரு மாதம் வரை தேவைப்படும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது விடுபட்டுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

14. ஐந்து நாளுக்குப் பிறகும் காயத்திலிருந்து நீர் கசிந்தால் மாத்திரை எழுதி வேடிக்கை பார்க்காதீர்கள். மேலோட்டமானது என்று நம்ப மனம் விரும்பும். ஆழத்தில் கிருமி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. சீக்கிரம் திறந்து, ஆழத்திலிருந்து பல மாதிரிகள் எடுத்து, கழுவினால் உலோகத்தைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. மாதிரி எடுக்கும் முன் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எந்தக் கிருமி என்பதே தெரியாமல் போகும்.

15. மறுநாளே நிற்க வையுங்கள், முழு எடையோடு. பாதி எடை வைத்து நடங்கள் என்று எண்பது வயதுக்காரரிடம் சொல்வது, நடக்காதே என்று சொல்வதற்குச் சமம். அவரால் அப்படிப் பிரித்து வைக்க முடியாது. முழு எடையைத் தாங்காது என்று உங்களுக்குத் தோன்றினால் கோளாறு நடையில் இல்லை, உங்கள் பொருத்தலில் இருக்கிறது. அன்றே, மேசையிலேயே அதைச் சரிசெய்திருக்க வேண்டும். வாக்கர், ஒரு உதவியாள், முன்கூட்டியே வலிமருந்து. சாப்பாட்டையும் பாருங்கள். கஞ்சியும் ரொட்டியும் மட்டும் தின்று புண் ஆறாது. முட்டை, பருப்பு, மீன், பால் எது பழக்கமோ அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா, கழிப்பறை இந்திய முறையா என்று கேளுங்கள். பின்பக்கமாகப் போய்ச் செயற்கை மூட்டு வைத்தவர் குத்துக்காலிட்டால் மூட்டு கழன்றுவிடும். டிஸ்சார்ஜுக்கு முன்பே உயரமான கமோடு நாற்காலி வாங்கி வைக்கச் சொல்வதும் நம் வேலைதான்.

16. பின்னாளில் வரும் வலிக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. முதல் மூன்று மாதத்தில் திடீரென்று கவட்டை வலியும் கால் குட்டையானதும் என்றால் ஸ்க்ரூ தலையைக் கிழித்ததா என்று பாருங்கள். வெளிப்புறத் தொடையில், ஒருக்களித்துப் படுத்தால் வலி என்றால் பின்வாங்கிய ஸ்க்ரூ துருத்துகிறது. ஆறு மாதமாகியும் ஊன்றும்போது வலி போகவில்லை என்றால் முறிவு சேரவில்லை, நெய்ல் உடைவதற்கு முன் கண்டுபிடியுங்கள். கழுத்து முறிவு நன்றாகச் சேர்ந்து, நடந்துகொண்டிருந்தவருக்கு ஓராண்டு, இரண்டாண்டு கழித்துப் புதிதாகக் கவட்டை வலி என்றால் தலை செத்துக்கொண்டிருக்கிறது. கழுத்து சேர்ந்தும் குட்டையாகிவிட்டதால் தாங்கித் தாங்கி நடப்பவர்களும் இருக்கிறார்கள். படம் நன்றாக இருக்கிறது என்று அவர்களை அனுப்பிவிடாதீர்கள், நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

17. ஒரு இடுப்பு உடைந்தவருக்கு மறு இடுப்பு காத்திருக்கிறது. 2007இல் வெளியான ஹொரைசன் ஆய்வில், இடுப்பு முறிவு அறுவையான 2127 பேரில் பாதிப் பேருக்கு 90 நாளுக்குள் தொடங்கி ஆண்டுக்கொரு முறை ஸோலெட்ரோனிக் அமிலம் ஏற்றினார்கள். புது முறிவுகள் 13.9 சதவீதத்திலிருந்து 8.6ஆகக் குறைந்தன, இறப்பும் 13.3இலிருந்து 9.6ஆக. நாம் அறுவையில் செய்யும் எந்த நுணுக்கமும் இந்த அளவுக்கு உயிர் காத்ததாக எனக்குத் தெரியவில்லை. இருந்தும் இந்த மருந்து எழுதப்படாமலேயே பெரும்பாலோர் வீட்டுக்குப் போகிறார்கள். கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி பார்த்து, குறையை நிரப்பி, இரண்டு வாரம் கழித்து ஏற்றுங்கள். இரவு எழும்போது தலைசுற்ற வைக்கும் மாத்திரை எது என்றும் சீட்டைப் பார்த்து நிறுத்துங்கள்.

18. வார்டில் ஒரு நோட்டு வையுங்கள். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு. வந்தவர்களை எழுதுவது சுலபம். வராதவர்களைத்தான் தேட வேண்டும். சிக்கல் வந்தவர் நம்மிடம் திரும்பி வராமல் வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார், அல்லது கட்டிலை விட்டு எழ முடியாமல் வீட்டில் கிடப்பார், அல்லது இறந்திருப்பார். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் நம் அறுவைகள் எல்லாம் வெற்றி போலத்தான் தெரியும். வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்கி, வராதவர் வீட்டுக்கு போன் செய்யுங்கள். வலி எங்கே இருக்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், இரவில் கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதிலை நோட்டில் அவர் பேருக்கு நேரே, அறுவை செய்தவர் பேரோடு எழுதுங்கள்.